டைல்ஸ்காரர் இடுப்பு

டைல்ஸ்காரரின் முதுகைப் பார்க்கப் போன தெரு ஏமாந்துதான் திரும்பியது. இடுப்பெலும்பில் ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நடுமுதுகிலிருந்து கீழே வரைக்கும் தண்டவாளம் போட்ட மாதிரி ஒரு தையல் இருக்கும் என்று எல்லாரும் ஆசையோடுதான் போனார்கள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகுத்தண்டின் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நகக்கீறல் மாதிரி நாலே கோடு. மேலே பிளாஸ்திரி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

"இதுக்குள்ளயா ஸ்க்ரூவ விட்டாங்க?" என்று மாடிவீட்டு அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள்.

"ஆமாக்கா. டிவியில பாத்துக்கிட்டே பொடி ஓட்டை வழியாவே எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. நாலு ஸ்க்ரூ, ரெண்டு கம்பி, நடுவுல ஒரு கட்டை." சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்த தையல்காரி ஒப்பித்தாள். டைல்ஸ்காரரின் மனைவி அவள்.

"என் ஜாக்கெட்டுக்கு இதைவிடப் பெரிய பட்டன் ஓட்டை போட்டுக் குடுத்தியேடி."

வந்தவர்கள் சிரித்தார்கள். டைல்ஸ்காரரும் சிரித்தார். சிரிப்பு இடுப்பில் போய் இடித்ததோ என்னவோ, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். காயம் சின்னதாக இருந்தது அவருக்கு எவ்வளவு பெரிய கெடுதல் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. முதுகு முழுக்கத் தையல் இருந்திருந்தால் தெரு அவரை ஒரு வருஷமாவது நம்பியிருக்கும்.

அவர்கள் இருந்தது இரண்டு அறை வாடகை வீடு. வாசல் அறையில் தையல் மெஷின். புதுத்துணி தைக்கிற வேலை இல்லை. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவது, ஜிப் மாற்றுவது. தெருவில் யார் பெருக்கிறார்கள், யார் இளைக்கிறார்கள் என்பது முதலில் தையல்காரிக்குத் தெரியும், பிறகு மாடிவீட்டு அக்காவுக்குத் தெரியும், அதற்குப் பிறகு சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியவரும்.

டைல்ஸ்காரரும் அவர் தம்பியும் ஜோடியாக வேலைக்குப் போகிறவர்கள். இந்தத் தெருவில் பாதி வீட்டுத் தரை அவர்கள் ஒட்டியது. மூட்டை தூக்குவது, டைல் அறுப்பது, கலவை போடுவது தம்பி. தரையில் உட்கார்ந்து ஒட்டுவது அண்ணன். காலையில் குனிந்தால் டீக்குத்தான் நிமிர்வார். அப்படிக் குனிந்து குனிந்தே இடுப்பில் ஒரு எலும்பு இன்னொரு எலும்பின் மேல் வழுக்கி, நரம்பை நசுக்கியது. பிட்டத்திலிருந்து குதிகால் வரைக்கும் கரன்ட் கம்பியை இழுத்துக் கட்டின மாதிரி வலி. தைலம் போட்டார், பெல்ட் போட்டார், ஊசி போட்டார். கடைசியில் கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற நிலைமை வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கேதான் தையல்காரி அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

டைல்ஸ்காரரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, காதில் எதுவும் ஏறாமல் நின்றார். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ன வேலை பாக்குறார்?" என்று கேட்டார். இவர்களுக்கு முன்னால் உள்ளே போய் வந்தவர் ஒரு பாங்க் மேனேஜர். அவரை நர்ஸ் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பியதைத் தையல்காரி பார்த்திருந்தாள். டைல்ஸ் ஒட்டுகிறவர் என்று சொன்னால் இரண்டு மாத்திரையை எழுதி அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு பயம்.

"காண்ட்ராக்டர் டாக்டர். டைல்ஸ் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்றார்" என்றாள்.

முழுப் பொய்யும் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சின்னச் சின்ன வேலையைப் பேசி எடுத்துத்தான் செய்தார்கள். காண்ட்ராக்டரும் அவரே, கூலியாளும் அவரே. முதல் பாதியை மட்டும் சொன்னாள்.

"அப்போ பிரச்சினை இல்ல. சின்ன ஓட்டை போட்டுச் செய்ற ஆபரேஷன். மறுநாளே நடப்பார். மூணு மாசத்துல வேலைக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர். அந்த மூணு மாசத்தை அவள் பலகாரப் பொட்டலம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரு முழுக்கப் பிரித்துக் கொடுத்தாள்.

டாக்டர் சொன்னதில் பாதி அப்படியே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாளே நடந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி போனவர் நின்று, காலை உதறிப் பார்த்தார்.

"என்னங்க?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"கம்பி இல்ல. கால்ல கம்பி இழுக்கல." அப்படியே நின்று அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின் தெரு தன் பங்குக்கு வைத்தியம் பார்த்தது. எலும்பு ஒட்ட எலும்பு சூப்தான் என்று மாடிவீட்டு அக்கா தூக்குவாளியில் கொண்டுவந்தாள். மூன்று வீட்டிலிருந்து ஒரே நாளில் சூப் வந்து, தையல்காரி அதை மறுநாள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் போட்டதும் உண்டு. மழையில் நனைந்தால் ஸ்க்ரூ துருப்பிடிக்கும் என்று ஒருவர் எச்சரித்தார். இடி இடிக்கும்போது ஜன்னல் பக்கம் படுக்கக்கூடாது என்றார் இன்னொருவர். கீழே விழுந்த ஊசி பொறுக்க வைத்திருக்கிற காந்தத்தை அவர் பக்கம் கொண்டுபோகாதே என்று தையல்காரிக்கும் ஒரு உத்தரவு வந்தது.

மூணு மாசம் போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. துணி காயாமல் வாசல் அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதன் நடுவில் புகுந்து டைல்ஸ்காரர் அளவுகோலை விழுங்கினவர் மாதிரி நடந்தார். கால் வலி போனது போனதுதான். ஆனால் இடுப்புக்குள் யாரோ ஒரு செங்கல்லை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருந்தது. ஒரு டீயைக் குடித்து முடிக்கிற நேரம்கூட உட்கார முடியவில்லை. நின்றால் சாய வேண்டும். சாய்ந்தால் படுக்க வேண்டும். படுத்தால் புரள ஆள் வேண்டும். செருப்பு வாரைக்கூடத் தையல்காரிதான் குனிந்து மாட்டிவிட்டாள்.

தெருவுக்கு இது பிடிக்கவில்லை. ஓட்டையோ சின்னது. மாசமோ ஆகிவிட்டது. இன்னும் என்ன?

மளிகைக்கடைக்காரர் கடையில் வைத்தே கேட்டார். "என் மச்சானுக்கும் இதே ஆபரேஷன்தான். இப்ப தினமும் ஷட்டில் ஆடுறான் தெரியுமா?"

ஷட்டில் ஆடுகிற மச்சான் ஒருத்தன் எல்லாருக்கும் இருந்தான். எந்த மச்சானையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"நல்லா ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு டைல்ஸ்காரர் சோப்பை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த சோப்பு வழியில் கையைவிட்டு நழுவி விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காலால் தள்ளிக்கொண்டே வீடுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். மாடிவீட்டு அக்கா பால்கனியிலிருந்து இதைப் பார்த்தாள். "சின்னப் பையன் பந்து ஆடுற மாதிரி ஆடிட்டு வர்றாரு. வேலைக்குப் போகச் சொன்னா மட்டும் இடுப்பு வலி" என்று சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்குத் தகவல் போய்விட்டது.

தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தான். வண்டியை நிறுத்தாமலே வாசலில் நின்று பேசினான்.

"அண்ணே, ஃப்ளாட் வேலை ஒண்ணு வந்திருக்கு. பெரிய வேலை. எனக்கு ஒட்டுறதுக்கு ஆள் வேணும்."

"சேத்துக்கோ."

"சேத்துட்டேன். வெளியாள்தான். அவன் நிரந்தரமா கேக்குறான்."

"நான் வர்ற வரைக்கும்னு சொல்லு."

"அதத்தாண்ணே அவனும் கேக்குறான். நீ எப்ப வருவேன்னு."

டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த வாரம் டாக்டரப் பாக்கப் போறோம்" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் புதுப் படத்தைப் பார்த்து மனசாரச் சந்தோஷப்பட்டார். கம்ப்யூட்டரை இவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அருமையா ஒட்டியிருக்கு. ரெண்டு எலும்பும் ஒண்ணாயிடுச்சு பாருங்க. ஸ்க்ரூ ஒண்ணுகூட அசையல."

"வலிக்குது டாக்டர்."

"கால்லயா?"

"கால் சரியாயிடுச்சு. இடுப்பு. முட்டி போட்டா எந்திரிக்கவே முடியல."

"எதுக்கு முட்டி போடுறீங்க?"

டைல்ஸ்காரருக்குக் கேள்வியே விளங்கவில்லை. எதற்கு மூச்சு விடுகிறாய் என்று கேட்ட மாதிரி முழித்தார். "டைல்ஸ் ஒட்டணும்ல."

டாக்டர் தையல்காரியின் பக்கம் திரும்பினார். "காண்ட்ராக்டர்னு சொன்னீங்களேம்மா. நின்னுக்கிட்டு வேலை வாங்குறவர்னு நெனச்சேன்."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். மூடினாள். திரும்ப இழுத்தாள்.

"தெரிஞ்சிருந்தாலும் இதே ஆபரேஷனத்தான் செஞ்சிருப்பேன்" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "நரம்பு அப்படி நசுங்கியிருந்துச்சு, விட்டா கால் போயிருக்கும். ஆனா தரை வேலைக்குத் திரும்பலாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒட்டின எடம் இனிமே வளையாது. அது வளைய வேண்டியதையும் சேத்து மேல இருக்கிற எலும்பு வளையும். இப்பவே அங்க லேசா தேய்மானம் தெரியுது."

"இந்த வலி எப்ப போகும்?"

"சிலருக்குப் போயிடும். சிலருக்குத் தங்கிடும். யாருக்குத் தங்கும்னு முன்னாடியே சொல்ல எங்களால முடியல. பயிற்சி சொல்றேன், மாத்திரை எழுதுறேன். வேற வேலை ஏதாவது பாருங்க."

பஸ்ஸில் இடம் இருந்தது. டைல்ஸ்காரர் உட்காரவில்லை; கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். தையல்காரி அவருக்குப் பக்கத்து சீட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் மழை வழிந்தது. மூன்று நிறுத்தம் தாண்டியது.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"மரியாதையா பாப்பாங்கன்னு."

"பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"அப்புறம் என்ன" என்றார்.

திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த மனுஷனுக்கு அவ்வளவு விவரம் போதாது.

வேற வேலை என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். வாட்ச்மேன் வேலைக்கு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வேண்டும். கடை வேலைக்கு நாள் முழுக்க நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு செய்கிற வேலை எதுவும் தெருவில் காலியாக இல்லை.

அப்போதுதான் மளிகைக்கடைக்காரர் தன் வீட்டுக் குளியலறைத் தரையைப் புதுசாக்க வேண்டும் என்றார். அவருக்கு மனசு இளகிவிட்டது என்று தெரு சொன்னது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது என்றும் அதே தெரு சொன்னது. தம்பி ஒரு நாள் லீவு போட்டு வந்து பழைய தரையைப் பெயர்த்துக் கொடுத்தான். சிமென்ட்டும் மணலும் தூக்கிப் போட்டான்.

"அண்ணே, நேராவே சொல்லிடுறேன். இத நல்லபடியா ஒட்டிக் குடுத்துட்டா, அந்த வெளியாளப் போகச் சொல்லிட்டு உன்னக் கூட்டிக்கிறேன். ஃப்ளாட்டுல பாத்ரூம் மட்டும் நீ பாத்துக்கோ. முடியலன்னா..."

"முடியலன்னா அவனையே வச்சுக்கோ. இதுல என்னடா இழுவை."

அன்றைக்குத் தையல்காரி ரொட்டியை நனைத்த டீ ஆறிப்போகிற வரைக்கும் சண்டை போட்டாள். "டாக்டர் வேணாம்னு சொன்னாருல்ல?"

"காண்ட்ராக்டரப் போகலாம்னு சொன்னாரு. நான் காண்ட்ராக்ட் எடுத்துத்தானே போறேன்."

மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, எடுபிடியாக அவளும் கூடவே போனாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்வதை அவள் பார்த்ததில்லை. சிமென்ட் காய்ந்த சட்டையைத் துவைத்ததோடு சரி. இப்போது பார்த்தாள். நாலு மூலையிலிருந்தும் தண்ணீர் போகிற ஓட்டைக்கு நூல் கட்டச் சொன்னார். கட்டினாள். கலவையைக் கையில் அள்ளி அமுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி. போதும். போதும்னேன்ல" என்றார். உயரம் குறைந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, கையை எட்டின மட்டும் நீட்டி ஒட்டினார். அவள் டைலை எடுத்துக் கொடுப்பாள். ரப்பர் சுத்தியால் தட்டுவார். அடியில் காற்று இருந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இத எடு" என்பார். எடுத்து, கலவை போட்டு, திரும்ப வைப்பாள். நாலு டைலுக்கு ஒரு தடவை அவளுடைய கழுத்தில் கை போட்டு எழுந்து, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார்.

"போதும்ங்க. வீட்டுக்குப் போலாம்."

"கலவ காஞ்சிடும்."

"காஞ்சா காயட்டும்."

"நீ பாதி தச்ச ஜிப்ப விட்டுட்டு எந்திரிப்பியா?"

தரை முக்கால்வாசி மூடியபோது ஒரு இடத்தில் அவருக்குச் சந்தேகம் வந்தது. நூல் சரி என்றது, ரசமட்டமும் சரி என்றது. "கண்ணத் தரைக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும்" என்றார். வழக்கமாகக் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாராம். டைல் ஒவ்வொன்றும் சுட்டு வரும்போது ஒரு மயிரிழை வளைந்திருக்கும். நின்று பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடாது.

இரண்டு கையையும் சுவரில் ஊன்றி இறங்கினார். பாதி தூரம் போய் அப்படியே நின்றுவிட்டார். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. முகம் சிமென்ட் நிறத்துக்கு வந்தது. தையல்காரி பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினாள். நிமிர்ந்தபின் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினார்.

"நான் படுத்துப் பாக்கட்டுமா?"

"நீ பாத்தா உனக்கு என்ன தெரியும்?" எரிச்சலோடுதான் கேட்டார். பிறகு குரலை இறக்கி, "நூல் சரியாத்தான் இருக்கு. ஒட்டிடலாம்" என்றார். மீதியையும் ஒட்டினார்கள்.

காய்வதற்கு விட்டார்கள். அந்த இரண்டு நாளும் அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார்; அவள் ஒத்தடம் கொடுத்தாள். தெருவில் மரியாதை கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. "பாத்தியா, வேலைக்குப் போனதும் சரியாயிடுச்சு. எல்லாம் மனசுலதான்டி இருக்கு" என்றாள் மாடிவீட்டு அக்கா, வீட்டுக்காரர் பேன்ட்டைக் குறைக்கக் கொடுக்க வந்தபோது. தையல்காரி வாயிலிருந்த குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மளிகைக்கடைக்காரர் கடையில் இருந்தார். வீட்டில் ஆள் இல்லை. இரண்டு பேரும் அவரிடம் சாவி வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்கள். தரை அழகாக இருந்தது. கோட்டுக்குக் கோடு நேராக நின்றது; சாந்து பூசிய இடைவெளி தையல் போட்ட மாதிரி ஒரே அகலம். தையல்காரிக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் போல இருந்தது.

"ஊத்து" என்றார்.

வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினாள். அது பரவியது. ஓட்டைப் பக்கம் போகிற மாதிரி போய், நடுவில் என்னவோ யோசித்து, தயங்கியது.

"எங்க போகுது? எனக்கு வெளிச்சம் அடிக்குது, தெரியல. நீ படுத்துப் பாரு."

அவள் ஈரத்தரையில் குப்புறப் படுத்தாள். கன்னத்தை டைலில் வைத்தாள். சில்லென்று இருந்தது. ஒரு கண்ணை மூடினாள். அவருக்கு என்ன தெரியுமோ அது அவளுக்கும் தெரிந்தது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. நடுவில் இரண்டு டைல் ஒரு மயிரிழை தூக்கி நின்றது. தண்ணீர் அதில் முட்டி, திரும்பி, அவள் முகத்தை நோக்கி, வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

மேலே அவர் தூண் மாதிரி நின்றிருந்தார். அவருடைய பாதம் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடும். நாளைக்கு மளிகைக்கடைக்காரர் குளித்துவிட்டு வெளியே வந்தால், கூடவே தண்ணீரும் வெளியே வரும்.

"சொல்லு."

"வாசலுக்குத்தாங்க வருது."

"எல்லாமா?"

"எல்லாம்."

"சரி. எந்திரி. துணி நனையுது."

எழுந்திருக்கக் கை கொடுக்க அவரால் முடியாது. வாளியைப் பிடித்துக்கொண்டு அவளே எழுந்தாள். முன்பக்கம் முழுக்க ஈரம்.

"ரெண்டு டைல்தான். அத மட்டும் எடுத்துட்டு..." என்றாள்.

"அடியில இருக்கிற கலவையே அப்படித்தான் இருக்கும். பூராவும் ஒடைக்கணும்." வேறு யாரோ ஒட்டின தரையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். "தம்பியக் கூப்பிடு. காலையில கடைக்காரர் போனதும் வந்து ஒடைச்சு ஒட்டிடச் சொல்லு. அந்த ஆளையும் கூட்டிட்டு வரட்டும்."

"அந்த ஆளையா?"

"ஒட்டுறதுக்கு ஆள் வேணும்ல."

அவள் வெளியே வராண்டாவுக்கு வந்து போன் பண்ணினாள். தம்பி முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"தெரியும் அண்ணி. நேத்து அந்தப் பக்கம் போனேன். உள்ள போய்ப் படுத்துப் பாத்தேன். தண்ணி ஊத்தாமலே தெரிஞ்சுது."

"ஏன் தம்பி சொல்லல?"

"நான் எப்படி அண்ணி சொல்றது? எனக்குத் தொழில் கத்துக் குடுத்ததே அவருதான்." அந்தப் பக்கம் டைல் அறுக்கிற மெஷின் கத்தி ஓய்ந்தது. "அவன்கிட்ட நேத்தே பேசிட்டேன். நிரந்தரமாவே இருந்துக்கறேன்னு சொல்லிட்டான். காலையில ரெண்டு பேரும் வந்துடுறோம். அண்ணன வர வேணாம்னு சொல்லுங்க. பாக்க வேணாம்."

உள்ளே திரும்பி வந்தாள்.

"என்ன சொல்றான்?"

"காலையில வர்றாராம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். கதவுக்குப் பின்னால் மளிகைக்கடைக்காரர் வீட்டு நீளக் கம்பு வைப்பர் சாத்தியிருந்தது. குனியாமல் செய்யக்கூடிய வேலை அது. எடுத்து, வாசலில் தேங்கியிருந்த தண்ணீரை ஓட்டையை நோக்கித் தள்ளினார். கொஞ்சம் உள்ளே போயிற்று. மீதி மெதுவாகத் திரும்பி, அவருடைய காலடிக்கே வந்தது. திரும்பவும் தள்ளினார்.

தையல்காரி செருப்பை எடுத்து அவர் மாட்டுவதற்கு வாகாகத் திருப்பி வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தாள். உள்ளே வைப்பர் போவதும் வருவதும் கேட்டுக்கொண்டே இருந்தது.